வீட்டில் தோட்டா நிரப்பும் மலிவு விலை பிரஸ் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்களில் பலர், சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து வீட்டுக் கராஜிலேயே மறுபடி தோட்டாவாக நிரப்பிக்கொள்கிறார்கள். இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும் இயந்திரம் ப்ரோகிரஸிவ் பிரஸ். அதில் விலை குறைந்த ரகத்தை வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படும் பாடுதான் இந்தப் பக்கம். உதாரணத்துக்கு லீ ப்ரோ 1000 போன்ற மூன்று நிலைய பிரஸ்ஸையும் 9 எம்.எம். தோட்டாவையும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மலிவு பிரஸ்களிலும் சங்கதி பெரும்பாலும் இதுதான்.

வெடிமருந்துப் பவுடர் எத்தனை கிரெயின் (அதை நிறுக்கும் சிறு எடை அலகு) போடுவது என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. அதை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டிலிருந்தோ பவுடர் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும்.

வீட்டில் தோட்டா நிரப்புவது சட்டப்படி சரிதானா?

அமெரிக்காவில், சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கும் தொழிலாகச் செய்தால் உரிமம் கட்டாயம். மாநிலமும் ஊரும் தனி விதி வைத்திருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நிலைமை வேறு: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தியாவில் இருப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் படியுங்கள்.

இந்த பிரஸ் எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நடுவில் மேலும் கீழும் போகும் தண்டு, அதாவது ராம். அதன் தலையில், உறைகளைப் பிடித்தபடி சுழலும் ஷெல் பிளேட். மேலே மூன்று டை, அதாவது உறை உள்ளே ஏறி அழுந்தும் அச்சுகள். முதல் நிலையத்தில் உறை பழைய அளவுக்குச் சுருங்கும், எரிந்த பிரைமர், அதாவது உறையின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி, வெளியே போகும். இரண்டாவதில், ராம் அடியில் இருக்கும்போது புது பிரைமர் ஏறும். மேலே போகும்போது உறையின் வாய் கொஞ்சம் விரிந்து பவுடர் விழும். மூன்றாவதில் குண்டை வைத்தால் உள்ளே அழுத்தி, வாயை இறுக்கிவிடும். ஒரே இழுப்பில் இவை எல்லாமே வெவ்வேறு உறைகளில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அதனால் ஓரிடத்தில் தகராறு என்றால் மற்ற இரண்டு இடங்களிலும் அரைகுறை வேலை நின்றுகொண்டிருக்கும். ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

பெட்டியைப் பிரித்து மாட்டியதுமே சரியாக ஓடவில்லை. பிரஸ்ஸில் குறையா?

பெரும்பாலும் இல்லை. முதலில் மேஜையைப் பாருங்கள். கைப்பிடியை இழுக்கும்போது மேஜை ஒரு நூல் அசைந்தால்கூட பிரைமர் முழுதாக ஏறாது, பவுடர் அளவும் ஆடும். கனமான பலகையில் போல்ட் போட்டு, முடிந்தால் சுவரோடு சேர்த்து இறுக்குங்கள். அடுத்தது, துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பிய எண்ணெய். பிரைமரும் பவுடரும் போகும் வழிகளில் அது ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது, துடைத்து எடுத்துவிடுங்கள். அப்புறம், பவுடரும் பிரைமரும் இல்லாமல், ஒரே ஓர் உறையை மட்டும் வைத்து மூன்று நிலையங்களையும் மெதுவாகச் சுற்றிவரச் செய்யுங்கள். எந்த இடத்தில் கை எவ்வளவு அழுத்துகிறது என்று கவனியுங்கள். அந்த அழுத்தம் கைக்குப் பழகிவிட்டால், பின்னால் வரும் கோளாறில் பாதியைக் கண்ணுக்கு முன்பே கை கண்டுபிடித்துவிடும்.

பிரைமர் சில சமயம் வருவதே இல்லை, சில சமயம் குறுக்காக வந்து நிற்கிறது. என்ன செய்வது?

மலிவு பிரஸ்களைப் பற்றிய புகாரில் முதலிடம் இதற்குத்தான். ப்ரோ 1000-இல் பிரைமர்களைத் தள்ளிவிட ஸ்பிரிங்கோ மோட்டாரோ கிடையாது. சாய்வான சிறு பள்ளத்தில், பின்னால் வரும் பிரைமரின் எடையே முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. இதைப் புரிந்துகொண்டால் காரணங்கள் தானே தெரியும்.

ஒன்று, பள்ளத்தில் பிரைமர் குறைந்துவிட்டது. கடைசிப் பத்துப் பன்னிரண்டுக்குப் பின்னால் தள்ள எடை இல்லை. பிரைமர் தட்டு காலியாகும்வரை காத்திருக்காமல், பள்ளம் நிரம்பியிருக்கும்போதே அடுத்த தட்டைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது காரணம் சிந்திய பவுடர். உப்புக்கல் அளவுகூட இல்லாத ஒரே ஒரு துகள் பள்ளத்தின் வாயில் உட்கார்ந்தால் போதும், பிரைமர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு குறுக்காகிவிடும். மென்மையான பிரஷ்ஷும் காற்றடிக்கும் ரப்பர் பந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூன்றாவது, வறண்ட குளிர்காலத்தில் பிளாஸ்டிக்கில் ஏறும் நிலைமின்சாரம். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் ட்ரையர் ஷீட்டால் காலிப் பள்ளத்தைத் துடைத்தால் அடங்கும். பள்ளத்தின் நுனிப் பகுதி தேய்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். அது விலை குறைந்த உதிரிப் பாகம், ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

சரி, குறுக்காக நின்றுவிட்டது. இப்போது முக்கியமானது: கைப்பிடியை அழுத்தாதீர்கள். பிரைமர் என்பது நசுக்கினால் வெடிப்பதற்காகவே செய்த பொருள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் வரிசையாக நிற்பவையும் சேர்ந்து வெடிக்கலாம். முதலில் பிரைமர் தட்டைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பிறகு ஷெல் பிளேட்டில் இருக்கும் உறைகளை எடுங்கள். அதற்குப் பிறகுதான் சிக்கியதைத் தொட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த மேஜைக்கு முன்னால் உட்காரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நசுங்கிய பிரைமரை எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று சொல்வார்கள், நம்பி இருக்காதீர்கள்.

எந்த நிறுவனத்தின் பிரைமர் இந்த பிரஸ்ஸுக்கு ஏற்றது என்பதைக் கையேட்டில் எழுதியிருப்பார்கள். அது விளம்பரம் இல்லை. சில பிரைமர்கள் மற்றவற்றைவிட எளிதில் பற்றும், அதற்காகச் சொல்வது.

பிரைமர் ஏறுகிறது, ஆனால் முழுதாக உட்காரவில்லை.

உறையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிரைமர் ஒரு மயிரிழை உள்ளே, அதாவது 0.003 முதல் 0.005 அங்குலம் தாழ்ந்து இருக்க வேண்டும். விரலில் மேடு தட்டினால் அந்தத் தோட்டாவைத் தனியே எடுத்து வையுங்கள். இந்த ரக பிரஸ்ஸில் கைப்பிடியைத் திருப்பி மேலே கொண்டுபோகும் வீச்சின் கடைசியில்தான் பிரைமர் ஏறுகிறது. இழுக்கும் வேகத்தில் பலரும் அந்தக் கடைசித் தள்ளலைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கைப்பிடியை முட்டும்வரை உறுதியாகத் தள்ளுங்கள். அப்படியும் மேடு இருந்தால், பிரைமரை ஏற்றும் ஊசியின் அடியில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில உறைகளில் மட்டும் பிரைமர் ஏற மறுக்கிறது.

அது பிரஸ்ஸின் குற்றமில்லை, உறையின் குற்றம். ராணுவத்துக்காகச் செய்த 9 எம்.எம். உறைகளில், பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க அதன் குழியைச் சுற்றி அழுத்தி இறுக்கியிருப்பார்கள். பழைய பிரைமர் போன பிறகும் அந்த விளிம்பு அப்படியே நிற்கும், புதியதை உள்ளே விடாது. அதற்கென்று இருக்கும் கருவியால் விளிம்பை நீக்கலாம். நேரமில்லை என்றால் தூக்கிப் போடலாம், 9 எம்.எம். உறைக்குப் பஞ்சமில்லை. .45 ஏசிபி என்ற பெரிய ரகத் தோட்டாவை நிரப்புபவர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு: ஒரே அளவு உறையில் பெரிய பிரைமர் குழி உள்ளதும் சிறிய குழி உள்ளதும் கலந்து வரும். பெரியதன் விட்டம் 0.210 அங்குலம், சிறியது 0.175. பெரிய பிரைமரைச் சிறிய குழியில் வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிலையத்தில் கைப்பிடி இறுகுகிறது, பழைய பிரைமரை வெளியே தள்ளும் ஊசி வளைகிறது, உறை நசுங்குகிறது. டை கெட்டுவிட்டதா?

டையைக் குறை சொல்வதற்கு முன்னால் உறைகளை மேஜையில் கொட்டிப் பாருங்கள். சுடுதளத்தில் பொறுக்கி வந்த குவியலில் எல்லாமே கலந்திருக்கும். .380 ஏசிபி என்ற இன்னொரு ரகத் தோட்டாவின் உறையைப் பார்த்தால் அசல் 9 எம்.எம். போலவே இருக்கும். ஆனால் 9 எம்.எம். உறையின் நீளம் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், .380 உறை 17 மில்லிமீட்டர்தான். அது பிரஸ்ஸுக்குள் போனால் வாய் விரியாது, மூன்றாவது நிலையத்தில் குண்டு சரிந்து நிற்கும். 9 எம்.எம். உறைக்குள் .22 உறை ஒன்று ஒளிந்திருக்கும். அதை ஊசி குத்தும்போது கையில் மொத்தென்று ஒரு தடை வரும். .40 உறைக்குள் 9 எம்.எம். உறை செருகிக்கொண்டு வருவதும் வாடிக்கை. சில அலுமினிய உறைகளில் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருக்கும், பெர்டன் வகை. நடுத் துளையைத் தேடிப் போகும் ஊசி அங்கே முறியும்.

இவற்றைவிட மோசமானது படி வைத்த உறை. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே வெளிச்சம் அடித்தால் பாதி ஆழத்தில் ஒரு படி, அதாவது சுவர் திடீரென்று தடித்திருக்கும். பவுடருக்கும் குண்டுக்கும் இடம் குறைவு என்பதால் வழக்கமான அளவே அதில் அதிக அழுத்தம் கொடுத்துவிடும். அடியில் எஃப்.எம்., ஐ.எம்.டி., அம்மோலோடு என்ற முத்திரை உள்ளவற்றில் இது வரும் என்பது நிரப்புபவர்களிடையே தெரிந்த சங்கதி. அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல உறையே இறுகினால் மசகு போதவில்லை. கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த டைக்கு மசகு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனாலும் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பான லானோலினை ஆல்கஹாலில் கரைத்து லேசாகத் தெளித்து, உலரவிட்டுப் போட்டால் கைப்பிடி பாதி பலத்தில் இறங்கும். கை களைக்காமல் இருந்தால்தான் கவனம் சிதறாது.

ஷெல் பிளேட் முழுதாகச் சுற்றாமல் பாதியில் நிற்கிறது.

ப்ரோ 1000-இல், முறுக்கிய கம்பி ஒன்று பிளாஸ்டிக்கில் செய்த ராட்செட் (ஒரே பக்கமாக மட்டும் சுற்றும் பல்சக்கரம்) வழியாக மேலும் கீழும் போய்ப் பிளேட்டைச் சுற்றவைக்கிறது. பாதி இழுப்பில் மனம் மாறித் திருப்புவதும், எங்கோ சிக்கியிருக்கும்போது பலம் கொடுப்பதும் அந்த ராட்செட்டின் பல்லைத் தின்றுவிடும். அது வேண்டுமென்றே பலவீனமாக வைத்த பாகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: அது போனால் சில டாலர், உலோகப் பாகம் போனால் பல டாலர். உதிரியாக இரண்டு வைத்திருங்கள். பிளேட் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திருத்தும் வழி கையேட்டில் இருக்கிறது; ஒரேயடியாகத் திருப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். பிளேட்டுக்கு அடியில் சிந்திய பவுடர் சேர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான், எனவே முதலில் கழற்றித் துடையுங்கள்.

பவுடர் ஒரு தடவை கூடுதலாக, ஒரு தடவை குறைவாக விழுகிறது.

மெல்லிய பந்து வடிவப் பவுடர் சீராக விழும். பெரிய செதில் வடிவம், பிரஸ்ஸின் மேலே இருக்கும் பவுடர் குப்பியின் கழுத்தில் பாலம் கட்டிக்கொண்டு நிற்கும், பிறகு மொத்தமாக விழும். குப்பியை நிரப்பியதும் முதலில் விழுபவற்றை எடுத்துத் திரும்பக் கொட்டுங்கள். பவுடர் படிந்து அமர்ந்த பிறகு எடை போட்டால்தான் உண்மையான அளவு தெரியும். குப்பி பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். தராசைச் சோதனை எடைக்கல்லால் தினமும் சரிபாருங்கள். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் மின்னணுத் தராசு பொய் சொல்லும்.

கைப்பிடியை ஒரே சீராக இழுப்பதுதான் இங்கே பெரிய மருந்து. மேஜையில் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மீதியை அதே டப்பாவில் கொட்டிவிடுங்கள். மறுநாள் குப்பியில் இருப்பது எந்தப் பவுடர் என்ற சந்தேகம் வந்தால், அதைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

பவுடர் விழாத தோட்டா, இரண்டு தடவை விழுந்த தோட்டா: இரண்டையும் எப்படித் தவிர்ப்பது?

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பவுடர் இல்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு துப்பாக்கிக் குழாயின் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். பட்டென்ற சத்தத்துக்குப் பதிலாகப் புஸ்ஸென்று ஒரு சத்தம், உதை இல்லை. சுடுபவர் அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். இரண்டு மடங்கு பவுடர் விழுந்ததிலோ அடுத்த தோட்டா வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

இரண்டுமே பெரும்பாலும் எப்போது நடக்கின்றன? ஏதோ சிக்கி, கையை நிறுத்தி, சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்போது. இரண்டாவது நிலையத்தில் நிற்கும் உறையில் பவுடர் விழுந்துவிட்டதா இல்லையா என்பது நினைவில் இருக்காது. அதனால் ஒரு விதி: கையில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தட்டுப்பட்டால் நிறுத்துங்கள். சிக்கலை எடுத்த பிறகு பிளேட்டில் உள்ள எல்லா உறைகளையும் வெளியே எடுங்கள். பவுடர் விழுந்ததோ என்று சந்தேகமுள்ளவற்றைக் கொட்டிக் காலியாக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். மூன்று உறைகளைத் திரும்பச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்று நிலைய பிரஸ்ஸில் பவுடர் அளவைச் சோதிக்கும் தனி டைக்கு இடம் இல்லை. உங்கள் கண்தான் அந்த டை. பிரஸ்ஸின் நெற்றியில் சிறு எல்.இ.டி. விளக்கை ஒட்டி, குண்டு வைக்கும் உறைக்குள் வெளிச்சம் விழும்படி திருப்புங்கள். இடது கையில் குண்டு, கண் உறைக்குள், பார்த்த பிறகுதான் குண்டு. இந்த வரிசையை ஒரு முறைகூட மாற்றாதீர்கள். பவுடர் வாங்கும்போதும், உறையில் பாதிக்கு மேல் நிரம்பும் ரகமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தடவை விழுந்தால் வெளியே வழிந்து அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அடியில் துளி கிடக்கும் ரகத்தில் இரண்டு தடவை விழுந்தாலும் நிறைய இடம் மிஞ்சும், கண்ணை ஏமாற்றும்.

ஹெட்ஃபோன், தொலைக்காட்சி, பேச்சு எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம்.

குண்டு சாய்ந்து ஏறுகிறது, ஓரத்தில் ஈயம் சீவிக்கொண்டு வருகிறது.

உறையின் வாய் போதுமான அளவு விரியவில்லை. குண்டை வைத்துக் கையை எடுத்தால் அது தானாக நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு விரிந்தால் போதும், அதற்கு மேல் விரித்தால் பித்தளை சீக்கிரம் விரிசல் விடும். வாய் சரியாக விரிந்தும் சீவுகிறது என்றால், குண்டை உள்ளே தள்ளுவதும் வாயை இறுக்குவதும் ஒரே டையில் ஒரே நேரத்தில் நடப்பதுதான் காரணம். குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் இறுகுகிறது. இறுக்கும் அளவைக் குறைத்து, முடிந்த தோட்டாக்களை இன்னொரு சாதாரண பிரஸ்ஸில் தனி டையால் இறுக்குவது என் பரிந்துரை. 9 எம்.எம். தோட்டா உறையின் வாயை வைத்துத்தான் துப்பாக்கியின் அறைக்குள் நிற்கிறது. அதனால் விரித்த வாயை நேராக்கினால் போதும், மடக்கக் கூடாது.

தோட்டாவின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுகிறது.

ஓர் உறையை மட்டும் வைத்து டையைச் சரிசெய்திருப்பீர்கள். பிளேட்டில் மூன்று உறையும் இருக்கும்போது பிளேட் சாயும் கோணம் வேறு, நீளமும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மாறும். எல்லா நிலையமும் நிரம்பியிருக்கும்போது கடைசி அளவை வையுங்கள். 9 எம்.எம்.-க்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த நீளம் 1.169 அங்குலம். ஆனால் உங்கள் குண்டின் மூக்கு வடிவத்துக்கும் உங்கள் துப்பாக்கிக்கும் ஏற்ற நீளம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். கழற்றிய குழாயில் தோட்டாவைப் போட்டால் டணக்கென்று முழுதாக உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். அதற்காகக் குண்டை ஆழமாக அழுத்திக்கொண்டே போகாதீர்கள். கையேடு சொல்லும் நீளத்துக்குக் கீழே போனால் உள்ளழுத்தம் ஏறும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வேறென்ன கவனிக்க வேண்டும்?

ஈயம். எரிந்த பிரைமரில் மிஞ்சும் கரியில் ஈயம் இருக்கிறது. உறைகளைத் தண்ணீர் இல்லாமல் உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தைத் திறக்கும்போது பறக்கும் தூசியிலும் இருக்கிறது. அந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள், முடிந்தால் தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறுங்கள். மேஜையில் காபிக் கோப்பையோ தின்பண்டமோ வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். பிரைமரையும் பவுடரையும் அவை வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் வையுங்கள். பிரைமர்களைக் கண்ணாடிப் பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைப்பது வெடிகுண்டு வைப்பதற்குச் சமம். அமெரிக்கத் தீயணைப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 495, வீட்டில் 10,000 பிரைமர் வரை அனுமதிக்கிறது.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் விலை கூடிய பிரஸ்ஸே வாங்கிவிடலாமா?

மாதம் ஆயிரக்கணக்கில் சுடுபவராக இருந்தால், ஐந்து நிலையமும் பவுடர் சோதிக்கும் டைக்கு இடமும் உள்ள பிரஸ் நல்ல முதலீடு. டில்லன், ஹார்னடி போன்றவர்கள் செய்கிறார்கள். மாதம் சில நூறு சுடுபவருக்கு மலிவு பிரஸ்ஸே தாராளம். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் சாதாரண பிரஸ்ஸில் சில மாதம் பழகுங்கள். ஒவ்வொரு படியிலும் சரியான உறை எப்படி இருக்கும் என்று தெரியாமல் ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸில் கோளாறு கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் யாராவது கூப்பிட்டால், எழுந்து போகலாமா?

போகலாம், ஆனால் அப்படியே விட்டுவிட்டு அல்ல. பிளேட்டில் உள்ளவற்றைக் கடைசி நிலையம்வரை ஓட்டி முடியுங்கள், புது உறை போடாதீர்கள். முடிக்க நேரமில்லை என்றால் உறைகளை எடுத்து, பவுடரைக் கொட்டி, காலிக் கிண்ணத்தில் போட்டுவிடுங்கள். பிளேட் காலியாக, கைப்பிடி மேலே இருக்கும்படி விட்டுப் போனால், திரும்பி வந்ததும் யோசிக்காமல் தொடங்கலாம்.